இரண்டு ஜோடி

படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
கட்டைவிரலை ஊன்றிவிட்டு
எனக்கு முன்பே சிரித்தாள் எடிலேயூசா.
மை மட்டும் விழுந்திருந்தது,
ரேகை ஒன்றுகூட இல்லாமல்,
வழவழவென்று, புளியங்கொட்டை அளவுக்கு.

"முந்திரி தின்றுவிட்டது."
பதினொரு வருடம் தொழிற்சாலை மேசையில்
கொட்டை உடைத்தவள்.
ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய்
முதலில் விரலைக் கறுப்பாக்கும்,
பிறகு தோலை உரிக்கும்,
அடுத்து வளரும் தோலில்
எதையும் எழுதாது.
வாக்குச்சாவடி இயந்திரம் அவளிடம்
நான்கு முறை "மீண்டும்" என்றதாம்.

எழுதத் தெரியுமா என்று கேட்காமல்
மைப்பெட்டியை நீட்டியது என் தப்பு.
பேனாவை வாங்கி
மூன்று பெயரையும் முழுசாக எழுதினாள்.
பிடுங்கிய கடைவாய்ப் பல்
எங்களுடையதாயிற்று.

என் வேலை இதுதான்.
எனாமலை வைரத்தகட்டால் சீவி
உள்ளே இருக்கும் மஞ்சளைத் திறப்பேன்.
பதினைந்து நொடி அமிலம். கழுவல்.
சுண்ணம் கரைந்த இடத்தில்
கொலாஜன் நார்கள்
கரையில் போட்ட ஈரவலையாகக் கிடக்கும்.
பசை அதற்குள் இறங்கி இறுக வேண்டும்.
அது எட்டாத இடம் எப்போதும் மிஞ்சும்.
அங்கே நீர் புகும்.
பல் தனக்குள்ளேயே வைத்திருக்கும் நொதி விழித்து
நாரை நாராக அறுக்கும்.
பிறகொரு நாள்
ரப்பதூரா வெல்லத்தைக் கடிக்கையில்
அடைத்தது கழன்று கையில் வரும்.

அமிலத்துக்கும் பசைக்கும் நடுவே
ஒரு நிமிடம், ஒரு துளி:
முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து
வால்தெலிசி பிரித்தெடுத்தது.
நாரோடு நாரைக் கட்டிப்போடும் என்பது அவள் கணக்கு.
அங்கிகோ பட்டை ஊறிய தொட்டியில்
ஆட்டுத்தோல் அழுகாமல்
மாடு மேய்ப்பவனின் தொப்பி ஆகிறதே,
கிட்டத்தட்ட அப்படி.

பல்லை இரண்டாக்கினேன்.
ஒரு பாதிக்கு எண்ணெய், மறுபாதிக்கு வெறும் நீர்.
ஒட்டி, அறுத்து, குச்சிகளாக்கி,
உடற்சூட்டு நீரில் ஒரு வருடம்.
நடுவில் ஃபோர்த்தலேசாவில் மழை,
இரண்டு நாள் மின்சாரம் இல்லை.
ஒரு குச்சி என் விரலிடுக்கிலேயே உடைந்தது.
பூஜ்யம் என்று எழுதினேன்.
பூஜ்யமும் கணக்கு.

இழுக்கும் இயந்திரம் கத்துவதில்லை.
டிக், அவ்வளவுதான்.
நீர்ப்பாதி ஒட்டிய இடத்திலேயே விட்டது.
எண்ணெய்ப்பாதியில் ஐந்து குச்சி
மேலே பிசினில் உடைந்தன,
ஒட்டு அப்படியே இருந்தது.
இரண்டில் அப்படி இல்லை.
காபிக்கறை போல நிறம் வேறு ஏறியிருந்தது,
முன்பல்லுக்கு ஆகாது.
"ஒரு பல்லை வைத்து வாயைத் திறக்காதே"
என்றாள் வால்தெலிசி.

திறந்துவிட்டேன்.
பரங்காபா போகும் பேருந்தில்
எடிலேயூசா பக்கத்தில் நின்றாள்.
என் பல் என்ன ஆச்சு என்றாள்.
பிடித்துக்கொண்டது என்றேன்.
எதை?
முந்திரி எண்ணெயை.

வண்டி வளைந்தது.
கம்பியில் வழுக்கிய கையை
மணிக்கட்டால் வளைத்துக் கட்டிக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்,
அந்த எண்ணெயைத் தொடும்போது
எத்தனை ஜோடி கையுறை போட்டுக்கொண்டாய்?

இரண்டு என்றேன்.