கேட் பாஸ்

நாலு வருஷமாக
அந்தப் பலகை என் தலைக்குப் பின்னால்தான் இருந்தது.
தண்டையார்பேட்டையில் இருபது படுக்கை ஆஸ்பத்திரி,
வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
பகலில் துலுக்காணம் சாய்வான், இரவில் நான்.
இருவர் தலையெண்ணெயும் ஊறி
நடு வரிகள் மங்கிப்போயிருந்தன.

மஞ்சள் சீட்டு இருந்தால் திற,
இல்லையென்றால் திறக்காதே.
சேர்ந்த அன்று மேனேஜர் சொன்ன சட்டம் இவ்வளவுதான்.
எனக்கு அது புதிதுமில்லை.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
சைக்கிளோடு நின்று நின்று வளர்ந்தவன்.
எண்ணெய் டாங்கர் அத்தனையும் போய் முடிகிறவரை
பிள்ளைத்தாய்ச்சி ஆட்டோவும் நிற்கத்தான் வேண்டும்.
கேட் என்றால் மூடியிருப்பது.

சனிக்கிழமை இரவு பத்தரைக்கு
மாடியிலிருந்து ஃபிலோமினா இறங்கி வந்தாள்.
காசிமேட்டில் கூடை தூக்குகிறவள்;
முழங்கையில் செதில் ஒன்று காய்ந்து மினுங்கியது.
தோளில் சாய்ந்தபடி சகாயராஜ்,
சர்க்கரையில் கால்விரல் இரண்டு எடுத்த கட்டோடு.
டிஸ்சார்ஜ் எழுதி இரண்டு நாள்.
முப்பத்தெட்டாயிரம் கட்டியாயிற்று.
இன்னும் பதினோராயிரமாம்.
எதற்கென்று கேட்டால்
இதர செலவு.

"சீட்டு?" என்றேன்.
"சீட்டு இல்ல. வழிய வுடு."
"வா மே, மேலயே போய் பட்த்துக்கலாம்" என்றான் அவன்.
அவள் என்னைத்தான் பார்த்தாள்.
"உன் தலைய கொஞ்சம் நவுத்து."

நகர்த்தினேன்.
அவளுக்குப் படிக்க வராது.
தங்கச்சி மகன் பகலில் போனில் படமெடுத்து
வரி வரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்;
எத்தனையாவது என்று மனதில் வைத்திருந்தாள்.
மேலிருந்து எண்ணி வந்த விரல்
எண்ணெய்க் கறையில் நின்றது.
"இத்தப் படி. சத்தமா."

கட்டணத் தகராறைக் காரணம் காட்டி
நோயாளியையோ, இறந்தவர் உடலையோ

அந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது.
போன ஐப்பசி மழையில்
துண்டில் சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டு
கேட்டுக்கு உள்பக்கம், இதே படியில்
விடிய விடிய உட்கார்ந்திருந்தான் ஒரு பையன்.
கம்மலை வைத்துப் பணம் வர காலை ஒன்பதானது.
அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
நல்லது செய்துவிட்டதாக
வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

"அப்பால?" என்றாள்.
"நிறுத்தி வைக்கக் கூடாது."
"தெரியும். நீ சொல்லணும்னுதான்."

தாழ்ப்பாள் ஈரத்தில் இறுகியிருந்தது,
இரண்டு கையாலும் இழுத்தேன்.
மேஜையில் போன் அடித்தது. அடிக்கட்டும்.
ஆட்டோவில் அவன் காலைத் தூக்கி வைத்துவிட்டுத்
திரும்பிக் கேட்டாள்:
"அதுக்குக் கீழ இன்னா போட்டுக்குது?"
"கேஸ் ஷீட் நகல் கேட்டா தரணும்னு."
"அதுக்குத் திங்கக்கிழமை வரேன்."

நர்ஸிடம் ஸ்பிரிட் பஞ்சு வாங்கித் துடைத்தேன்.
எண்ணெயோடு எழுத்தும் கொஞ்சம் வந்துவிட்டது.
கூடாது என்பதில் 'கூ' போய்விட்டது.
ரிஜிஸ்டர் பேனாவால் எழுதினேன்,
என் கோணல் கையெழுத்தில், சற்றுப் பெரிதாக.

திங்கள் இரவு இந்தச் சட்டையில் இருப்பேனோ, தெரியாது.
நாற்காலியை எதிர்ச்சுவருக்கு
மாற்றிப் போட்டிருக்கிறேன்.
துலுக்காணம் கேட்டான், ஏன் என்று.
அங்கே காற்று வரும் என்றேன்.