பதினாறு அங்குலம்

ஏழு பாகைக்குக் கீழே இறங்கி
மூன்று இரவாகிறது.
ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில் குனிந்து
கோடை ரயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
பிடி கொடுக்கவில்லை.
சட்பரியில் ஒக்டோபரோடு றப்பருக்கும்
மனம் இறுகிவிடுகிறது.

கார் சின்னது. நீலம். இரண்டு கதவு.
உந்துவது பின்சில்லு.
நாற்பத்திரண்டு வயதில், ஒருவரையும் கேளாமல்,
நான் வாங்கிய முதல் அநாவசியம்.

பிரம்ப்டனிலிருந்து ரூபகாந்தன் அண்ணா:
'எல்லாப் பருவத்துக்கும் ஒரே ரயர் காணும்.
பன்னிரண்டு வருசம் நான் ஓடேல்லையோ?'
அண்ணா, அங்கே பனிக்கு முதலே உப்பு விழுகிறது.
இங்கே சனவரியில் உப்பே தோற்றுப்போய்
மணலைத் தூவுகிறார்கள்.

பகலெல்லாம் பிறர் இரத்தத்தை
எண்களாக வாசிக்கிறவள் நான்.
இரவில் ரயரின் விலாவை வாசித்தேன்:
இருநூற்றுப் பதினைந்து, நாற்பது, பதினெட்டு.
முதலாவது அகலம்.
அந்த அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு, சுவர்.
கடைசி, உலோகத்தின் விட்டம்.
மில்லிமீற்றரும் வீதமும் அங்குலமும்
ஒரே வரியில் நெருக்கிக் குந்தியிருக்கின்றன,
ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத
மூன்று பேர் ஒரு பஸ் சீற்றில் மாதிரி.

உண்மையைச் சொன்னால்
பனிக்கும் பதினெட்டுத்தான் என் ஆசை.
மெல்லிய பத்து ஆரம், இடையே வெளிச்சம்.
மருந்துக்கடைக் கண்ணாடியில்
அந்தக் கார் நிற்கிற நிற்பை
நானே எத்தனை தரம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ரயர்க்கடை ஐலா மறுத்துப் பேசவில்லை.
பின்பக்கம் போய்ப் பழைய பதினெட்டு ஒன்றை
உருட்டிக்கொண்டு வந்தாள்.
போன மார்ச்சில் லோர்ன் வீதிக் குழி தின்றது.
விளிம்பில் ஒரு கடி,
அப்பளத்தில் பிள்ளை கடித்த அளவு.

'ஒல்லியாய்ப் போ,' என்றாள்.
'அகலமானது பனிமேல் மிதக்கும்.
ஒடுங்கியது வெட்டிக்கொண்டு தார்வரை இறங்கும்.
சுவர் உயரட்டும், குழியை அது வாங்கிக்கொள்ளும்.'

அப்படியென்றால் பதினைந்து? மலிவும்கூட.
சிரித்தாள். முன்பிரேக் இடிக்கும்.
வீட்டுக்கு வந்து
சோளப்பொரிப் பெட்டியை வெட்டி
வளைவு எடுத்து, கழற்றிய சில்லுக்கு முன்
முழங்காலில் இருந்து வைத்துப் பார்த்தேன்.
இடித்தது.
பதினாறில் ஒரு இடைவெளி இருந்தது,
இரண்டு பத்துச்சதக் குற்றி நுழையும்,
மூன்றாவது நுழையாது.
'அது காணும்,' என்றாள் ஐலா.

இருநூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு.
மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான்,
வேகமானி பெரிதாய்ப் பொய் சொல்லாது.
விலாவில் மூன்று முடி மலை,
மலைக்குள் ஒரு பனிப்பூ.
ஆணி அடிக்கட்டுமா? வடக்கில் சட்டம் விடுகிறது.
வேண்டாம்.
இரவு இரண்டு மணிக்கு நான் வீடு திரும்புவதை
தெரு முழுக்க அறிய வேண்டியதில்லை.

கறுப்பு எஃகு. அழகில்லை.
மார்கழிக் கலியாணத்துக்குப்
பட்டுச்சேலைக்குக் கீழே
பனிச்சப்பாத்தோடு இறங்குவோமே, அப்படி.
பதினெட்டு நாலும் இப்போது
என் கட்டிலடியில், போர்வையால் மூடி.
அறையில் றப்பர் மணம்.
எனக்கு அது பிடித்திருப்பதை
அண்ணாவிடம் சொல்லப்போவதில்லை.

முதல் பனி வியாழன் விழுந்தது.
விடியப்புறம் ஐந்து, ஹொக்கி அரங்கின் வெறுந்தரிப்பிடம்.
கைபிரேக்கை இழுத்தேன்.
பின்பக்கம் போனது, போய்க்கொண்டே இருந்தது,
நான் திருப்பியதும் ஏதோ யோசித்துப்
பிடித்தது.
மறுபடியும் செய்தேன். மறுபடியும்.
பனி வழிக்கும் லொறிக்காரன் விளக்கைத் தணித்து
கோப்பியோடு காத்திருந்தான்,
நான் முடிக்கட்டும் என்று.

நூறு கிலோமீற்றர் ஓடியதும்
நட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொன்னாள் ஐலா.
தொண்ணூற்றாறு காட்டுகிறது.
கடைக்கு இங்கிருந்து நாலு.
ஏரிக்கரை வளைவுகளால் போனால்
முப்பத்தொன்று.
சிக்னல் போட்டேன், இடப்பக்கம், ஏரிக்கு.