அகலம் பூஜ்யம்

ஆறு நாளாய் வீட்டில் குளிர்
என்று எழுதினேன்.
பி.டி.எஃப். ஆக்கியதும்
ஆறு நாளாய் வீட்டில் குளிர
என்று வந்தது.
உள்ளம் குளிர, வயிறு குளிர என்பதுபோல.
ஒரு புள்ளி போனதில்
புகார் வாழ்த்துமடல் ஆகிவிட்டது.

அட்டவணைக் கட்டத்தின்
கடைசி எழுத்துக்கு மட்டும் இந்த நோய்.
முதல் மாடி புஷ்பநாதன், புஷ்பநாதன.
மூன்றாம் மாடி மரியதாஸ், மரியதாஸ.
206 ஜெயவதனிக்கு ஒன்றும் ஆகவில்லை,
இகரத்தில் முடிகிற பெயர்.

வின்னிபெக், சார்ஜன்ட் அவென்யூ, ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
பார்க்கிங்கில் கார்கள்
மூக்கில் வயர் செருகி
இஞ்சின் ஆறாமல் உறங்குகின்றன.
அந்தக் கரன்ட் வாடகையில் சேர்த்தி.
எங்கள் ஹீட்டரைக் கேட்டால்
பார்ட்ஸ் வரவேண்டும் என்கிறார் மேனேஜர்.

இலவச மென்பொருளில்
யாரைப் பிடித்துத் திட்டுவது?
மூலம் திறந்துதான் கிடக்கிறது, வந்து பார் என்கிறது.
போய்ப் பார்த்தேன்.
கோடி வரி இருக்கும் என்றார்கள்.
நான் எண்ணவில்லை.

கன்ஃபிகர் ஓட்டியதும் முதல் தடங்கல்:
பைசன் இல்லை.
மானிட்டோபாவில் உட்கார்ந்துகொண்டு!
மாகாணச் சின்னத்தில் நிற்கிறது,
சட்டசபைப் படிக்கட்டின் இருபுறமும்
வெண்கலத்தில் நிற்கிறது,
என் லேப்டாப்பில் மட்டும் இல்லை.
அதைக் கொண்டுவந்து கட்டினால்
அடுத்து, நாஸ்ம் இல்லை.
நாசம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று
ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாகச் சிரித்தேன்.
சிரிப்பு ஆவியாய் வெளியே வந்தது.

எப்போதோ யாரோ ஜெர்மனில் எழுதிவைத்த
குறிப்புக்குக் கீழே இருந்தது அந்த வரி:
அகலம் பூஜ்யமா, வரையாதே.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவருக்கு.
இல்லாததை வரைந்து என்ன ஆகப்போகிறது
என்று நினைத்திருப்பார்.
புள்ளிக்குச் சொந்த இடம் கிடையாது,
அடுத்தவர் தலைமேல் குடியிருப்பது,
இது அவருக்கு எப்படித் தெரியும்.
வரியை எடுத்துவிட்டு
மேக் என்று தட்டினேன்.

நாலு கை போட்டு ஓடியது.
மூன்று மணிக்கு லிங்கர்
இருந்த ரேமையெல்லாம் விழுங்கிவிட்டுச் செத்தது.
இரண்டு கையாகக் குறைத்தேன்.
விசிறி இரைந்தது.
வலப்பக்கத் துவாரத்தில் சுடுகாற்று.
கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி
எச்சரிக்கைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மஞ்சள் மஞ்சளாய், யாரும் பொருட்படுத்தாதவை.

ஆறரைக்குக் கதவு.
ஜெயவதனி, இடுப்பில் பிள்ளை, கையில் ஈரச் சாக்ஸ்.
"ட்ரையரும் நிண்டுட்டுது.
உங்கட அறைக்குள்ள என்னவோ இரையுதே, ஹீட்டரோ?"
இல்லை, ஆஃபீஸ் என்றேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு துவாரத்தில் கை வைத்துப் பார்த்தாள்.
பிறகு ஒவ்வொரு சாக்ஸாய்
விசிறி முன்னால் பரப்பினாள்,
கட்டைவிரல் நீளம் ஒவ்வொன்றும்.
304 ரோடெல்லும் வந்துவிட்டான்.
கைகளை நீட்டிக்கொண்டு
இது எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டான்,
முடியக்கூடாது என்கிற குரலில்.

ஒன்பது நாற்பதுக்கு முடிந்தது.
திறந்தேன். குளிர் என்று அடித்தேன்.
ஏற்றுமதி செய்தேன்.
ர் தலையில் புள்ளி.
புஷ்பநாதன் வாய் மூடிக்கொண்டார்.
மரியதாஸ் மரியாதையாய் முடிந்தார்.

மேனேஜருக்குத் தமிழில் ஒரு புள்ளி தெரியாது.
ஆங்கிலப் பிரதி மேலே இருக்கிறது,
அவர் அதைப் படித்தாலே பெரிய காரியம்.
ஆனால் கையெழுத்துப் போட வரும் பதினோரு பேரும்
முதலில் தங்கள் பெயரைத்தான் தேடுவார்கள்.

லைப்ரரியில் பிரின்ட் எடுக்கக் கிளம்பினேன்.
ஷூவைக் கட்டும்போதுதான் கேட்டது,
அல்லது கேட்காமல் போனது:
விசிறி நின்றிருந்தது.
ரோடெல் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.
ஜெயவதனி ஒரு சாக்ஸை எடுத்துக்
கன்னத்தில் வைத்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தாள்.

மேக் கிளீன் என்று தட்டினேன்.
பத்து மணிநேரக் கட்டடம் நொடியில் காலி.
மறுபடி மேக்.