வளைவுக்கு முன் ஓர் இருமல்

பனிமூட்டம் இறங்கிவிட்டால்
கோத்தகிரிப் பக்கம் எங்கள் லயனில்
எதிரே நிற்பவர் முகம் தெரியாது.
குழாயடி தெரியாது, குழாய் சொட்டுவது மட்டும் கேட்கும்.
அதைப் பிடித்துக்கொண்டு நடப்போம்.

நாற்பது வருஷம் ஃபாக்டரித் தூளை
உள்ளே சலித்து வைத்த நெஞ்சு என்னுடையது.
மூன்று இருமல், பிறகு ஒரு விசில்,
அதற்கப்புறம்தான் மூச்சு.
முன்பெல்லாம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு போவேன்.
என் சீக்கை ஊருக்கு அறிவிப்பானேன்?

போன ஐப்பசியில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு வந்தார்கள்.
ஜார்க்கண்டாம். புருஷன், பெண்டாட்டி,
நாலு வயதில் ஒரு பையன், ஒரே ஒரு பிளாஸ்டிக் குடம்.
பெயர் கேட்டேன். சொன்னாள். பிடிபடவில்லை.
மறுபடி கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள்
"புதுசா வந்தவதானே, புதுமணின்னு வச்சுக்குவோம்" என்று
மரியபுஷ்பம் முடித்துவிட்டாள்.
நானும் அப்படியே கூப்பிட்டேன். சுலபமாக இருந்தது.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், முக்கால் மணி நேரம்.
வரிசையில் அவள் குடத்தைப் பின்னுக்குத் தள்ளி
முன்னால் தன் குடத்தை வைத்த ஆள் யார் என்று
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
நான்தான்.
பார்த்துக்கொண்டு நின்றாள்.
எந்த மொழியில் கேட்பாள்?

அதே வாரம், பிள்ளையார் மேடை வளைவு.
வாயைப் பொத்திக்கொண்டு போன நான்
மூட்டத்துக்குள்ளிருந்து அவள் முன்னால் முளைத்தேன்.
காட்டெருமை என்று நினைத்திருக்க வேண்டும்.
முந்தின மாதம்தான் மேல்லயன் ஆளை ஒன்று முட்டியிருந்தது.
குடம் உடைந்தது. கவாத்து வெட்டிய குச்சியில்
முழங்கை கிழிந்தது.
அவ்வளவு நேரம் காத்துப் பிடித்த தண்ணீர்
யாருக்கும் இல்லாமல் சரிவில் இறங்கிப் போயிற்று.

மன்னிப்புக் கேட்க அவள் மொழி எனக்குத் தெரியாது.
என் மொழியிலும் கேட்டுப் பழக்கமில்லை.
நிரம்பியிருந்த என் குடத்தை
அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
விடிந்து பார்த்தால், வெளிப்புறம் தேய்த்துக் கழுவி
என் வாசலுக்கே திரும்பியிருந்தது.
உள்ளே பாதித் தண்ணீர்.
அந்தப் பாதியை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதைக் கையால் குவித்துக்கொண்டு
மூன்றாம் தடவை பெயர் கேட்டது அன்றைக்குத்தான்.
புத்னி.
சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள்.
தப்பாகச் சொல்லியிருப்பேன்.
இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிக் காட்டினாள்.

அதிலிருந்து துண்டு தோளில்தான் கிடக்கிறது.
வளைவுக்குப் பத்தடி முன்பே இருமிவிடுகிறேன்,
வராத நாளில் வரவழைத்தாவது.
'ஒரு ஆள் வருகிறேன்' என்பதற்கு மேல்
அதில் சேதி எதுவும் இல்லை.
நல்லவனாக மாறுவதெல்லாம் பெரிய மராமத்து,
எழுபத்திரண்டில் யார் கையில் எடுப்பது?
எதிரே வருகிறவர் திடுக்கிடாமல் பார்த்துக்கொள்வது
என் கைக்கு அடங்குகிற வேலை.
ராத்திரியில் கட்டிலை இழுக்காமல் தூக்கி வைக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் பையன் தூங்குகிறான்.
இடுப்பு முனகுகிறது.
முனகட்டும், அது சுவரைத் தாண்டிக் கேட்காது.

இன்று காலை அதே வளைவு, அதே மூட்டம்.
நான் இருமுவதற்கு முன்பே
அந்தப் பக்கமிருந்து வந்தது:
மூன்று இருமல், பிறகு ஒரு விசில்.
யாரோ என்னைப் போல் நெஞ்சு போன கிழவர் என்று
ஓரமாக ஒதுங்கி நின்றேன்.
வந்தது புத்னி, இடுப்பில் புதுக்குடம்.
வளைவு திரும்ப இந்த மலையில் இதுதான் வழக்கம் என்று
விசில் உட்படக் கற்றுவைத்திருக்கிறாள்.
பின்னால் பையன்.
இருமல் மூன்றும் அவனுக்குச் சரியாக வந்துவிட்டது.
விசில்தான் இன்னும் பிடிபடவில்லை.
உதட்டைக் குவித்து
வெறும் காற்றாக ஊதிக்கொண்டே
என்னைத் தாண்டிப் போனான்.