நாலு போர்ஷன்

சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம்.
உழைப்பாளர் சிலையில் கிளம்பினால்
கலங்கரை விளக்கம் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கையில்
இடது முழங்காலுக்குக் கீழே யாரோ கதவைச் சாத்துவார்கள்.
கொஞ்சம் கழித்து வலதிலும்.

ஓடுகிறவள் இல்லை, நான் வேகநடைக்காரி.
ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்.
இடுப்பு ஆடும். பால் வண்டிப் பையன்கள்
பின்னாலேயே ஆடிக் காட்டுவார்கள். பழகிவிட்டது.
பழகாதது, வீடு திரும்புகையில் கழன்று விழும் செருப்பு.
பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உணர்வே இருக்காது.
"எம்மா, செருப்பு" என்று
பின்னால் வருகிறவர் சொல்லித்தான் திரும்புவேன்.

கால் மணி நேரம் உட்கார்ந்தால் போய்விடுகிற வலியை
எந்த டாக்டரிடம் காட்டுவது?
டோக்கன் நாற்பத்தேழு.
இரண்டு மணி நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு உள்ளே போனால்
கால் பச்சைக் குழந்தை மாதிரி விழிக்கும்.
கால்சியம் எழுதினார்கள். ஷூவை மாற்றச் சொன்னார்கள்.
ஒருவர், கல்யாணம் எப்போது என்று கேட்டார்.

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்துமதி டாக்டர் மட்டும்
டிரெட்மில்லில் ஏற்றி,
வலி வந்த பிறகு இறக்கி,
எலும்பை ஒட்டி ஊசி செருகினார்.
"நடக்குமுன் பதினெட்டு. இப்போது ஐம்பத்து நாலு."
அழுதுவிட்டேன்.
வலிக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது.

சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
கீழ்க்காலில் நாலு அறை, சுற்றிலும் வெள்ளைச் சவ்வு.
ரத்தம் ஏறினால் தசை பருக்கும், சவ்வு இளகாது.
எனக்கா புரியாது?
ராயபுரத்தில் ஒரே வீட்டை நாலாய்த் தடுத்த போர்ஷனில் இருக்கிறோம்.
விருந்தாளி வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டும்.

"முன் அறை, பக்க அறை, இரண்டையும் திறந்துவிடுவோம்."
"பிறகு தைப்பீர்களா?"
"தோலை மட்டும். சவ்வைத் தைத்தால் பழைய கதைதான்."
கிழித்ததைக் கிழித்தபடி விடுவதும் வைத்தியமென்று
அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
"இதோ நரம்பு, ஒதுக்கிப் பிடி" என்றார்கள்.
அப்புறம் ஒரு சத்தம்.
எம்.சி. ரோட்டில் துணிக்காரர்
முதலில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு
கத்தரியை மூடாமலே தள்ளிக்கொண்டு போவாரே,
அது.
கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா, தெரியாது.

"பியூலா, கட்டைவிரலைத் தூக்கு."
மாலை ஆறு மணிக்குத் தூக்கினேன்.

பிறகு பத்து வாரம்
முன்பதிவுக் கவுண்டரில் ஸ்டூல் மேல் கால் நீட்டி டிக்கெட் கொடுத்தேன்.
நின்றால் தழும்புக்கடியில் தசை கொஞ்சம் புடைக்கிறது.
பாதத்தின் மேல் ஒரு ரூபாய் அளவு இடம் மரத்தே கிடக்கிறது.
அதற்கு முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

இன்று விடியலில் மறுபடி உழைப்பாளர் சிலை.
பதினொன்று. பதினொன்றரை.
பன்னிரண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இடது கால் ஒன்றும் சொல்லவில்லை.
லைட்ஹவுஸ் தாண்டி, மீன் கடைகள் வரை வந்த பிறகுதான்
கதவு சாத்துகிற சத்தம்,
வலதில். அதற்கு ஆகஸ்டில் தேதி.

ஓரமாய் உட்கார்ந்தேன்.
கூடையை இறக்கிய அக்கா கேட்டாள்,
"இன்னா கண்ணு, சுளுக்கா?"
"இல்லக்கா. பாதி வேலதான் முடிஞ்சிருக்கு."