ஏழாவது இலை

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு
இந்தப் பக்கம் எங்கள் வீடு,
அந்தப் பக்கம் அப்பாவின் பஞ்சர் கடை.
தினமும் மத்தியானம்
தூக்குப் போசியில் ஏறி
மாநிலம் தாண்டும் எங்கள் சோறு.

சித்திரை ஒண்ணு எங்களுக்கு,
விஷு பக்கத்து வீட்டுக்கு.
சில வருஷம் இரண்டும் ஒரே நாள்,
சில வருஷம் ஒரு நாள் முன்னே பின்னே.
அன்றைக்கு வீட்டில் ஆறு பேர்.
இலை மட்டும் ஏழு.

ஏழாவது இலை வாசலைப் பார்த்திருக்க வேண்டும்.
மாங்காய்ப் பச்சடி, பருப்பு, பூசணிக் கூட்டு,
வேப்பம்பூ ரசம், எல்லாம் உண்டு.
உப்பு மட்டும் கூடாது.
அதற்கென்றே அம்மா
குட்டிக் குட்டிச் சட்டிகளில்
இன்னொரு விருந்து வைப்பாள்.

"ஏன்?" என்றான் துருவன்.
என் தம்பி, ஏழு வயது.
ஏன் என்று கேட்டுவிட்டால்
பதில் வரும்வரை மூக்கை உறிஞ்சுவான்.

"எங்கப்பா செஞ்சாரு, நானும் செய்யறேன்"
என்று அப்பா அப்பளம் உடைத்தார்.
"செத்தவங்களுக்கு உப்பு ஆகாது" என்றாள் சௌந்தரா அத்தை.
"யாரு சொன்னா? அது சாமிக்கு,
ருசி பாக்காம வெக்கறோம்னு காட்டறதுக்கு"
என்றார் சித்தப்பா.
பாயசத்தில் ஆடை படியும்வரை
இருவருக்கும் வழக்கு.
அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள்:
"நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவ.
உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுத்தானே
பன்னெண்டு வருஷமா செய்யறேன்!"

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'காரணம்' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

போன சித்திரை.
ரசம் நுரை கட்டும் நேரம்
டப்பென்று ஒரு சத்தம்.
ஒல்லூரிலிருந்து கோவைக்கு
ஓடு ஏற்றிப் போன லாரி
பின் டயர் செத்து
எங்கள் முருங்கை மரத்தடியில் நின்றது.
ஜாக்கியோடு போன அப்பா
திரும்பி வரும்போது கூடவே
சாக்கோ சேட்டன்.
புருவம்கூட நரைத்தவர்,
சட்டைப் பையில் மாத்திரை அட்டை.

உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அத்தை எச்சில் விழுங்கிய சத்தம்
எனக்குக் கேட்டது.

அவர் முதல் வாய் வைத்தார்.
எங்கள் ஆறு கையும் அந்தரத்தில்.
மென்றார்.
கூட்டைத் தொட்டார், ரசம் உறிஞ்சினார்,
அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார்:
"எனிக்கு பிரஷர் உண்டென்னு
ஆரா பறஞ்ஞது?"

உப்பை நிறுத்தி ஆறு மாசமாம்.
எந்த ஓட்டலில் சொன்னாலும்
தலையாட்டிவிட்டு அள்ளிப் போடுகிறார்களாம்.
மூன்றாம் தடவையும் கூட்டு கேட்டார்.
அம்மா குட்டிச் சட்டியை வழித்தாள்.

யார் முதலில் சிரித்தது, தெரியவில்லை.
துருவன் மட்டும் சிரிக்கவில்லை.
"இவருக்குத்தான்!" என்று கத்தினான்.
"இத்தன வருஷமா இவருக்குத்தான்!"

இல்லடா என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அத்தையைப் பார்த்தேன்,
சித்தப்பாவைப் பார்த்தேன்.
வேறு காரணம்
அன்றைக்கு அவர்களிடமும் இல்லை.

நோட்டை எடுத்தேன்.
கோட்டின் மேல் பென்சிலால்
'சாக்கோ சேட்டனுக்கு பிரஷர்' என்று எழுதினேன்.
தப்புதான்.
முதல் தடவை இந்த இலை போட்டபோது
அவர் பிறந்திருக்கவே மாட்டார்.
ரப்பர் கையில்தான் இருந்தது.
அழிக்கவில்லை.

இந்த வருஷம் லாரி வரவில்லை.
இலை போட்டோம்.
ஹாரன் கேட்கும்போதெல்லாம்
துருவன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.
பக்கத்து வீட்டு நீது
விஷுக் கைநீட்டக் காசை எண்ணிக்கொண்டே வந்து
"இது ஆருக்கு?" என்றாள்.
அவன் சொல்ல ஆரம்பித்தான்:
ஒரு ஊருல ஒரு லாரி,
பத்து டயரும் ஒரே சமயத்தில்
வெடித்துவிட்டதாம்.

வெடித்தது ஒன்றுதான்.
நான் திருத்தவில்லை.
ரசச் சட்டியைத் தூக்கிவந்தேன்,
உப்பில்லாததை.