முந்நூற்றுப் பத்து மீட்டர்

பெயர் அச்சிடப் பத்து எழுத்துக்குத்தான் இடமாம்.
திலகேஸ்வரி என்று பணம் கட்டியவள்
'திலகேஸ்வ' என்று நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறேன்.
நான்கு ஊக்கு. மூன்று அவர்கள் தந்தது,
ஒன்று என் சேலையிலிருந்து.

மணி ஐந்தே முக்கால்.
பினாங்குப் பாலத்து விளக்குகள் இன்னும் அணையவில்லை.
கடற்சேற்று வாடையை மீறிக்கொண்டு
ஆயிரம் முழங்கால்களின் தைல வாடை.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை,
அவரவர் மணிக்கட்டைப் பார்க்கிறோம்.

நான் கேட்பது பெரிதில்லை.
பத்துக் கிலோமீட்டர்,
ஒரு மணி நேரத்துக்கு ஒரு விநாடி குறைந்தால் போதும்.
மூன்று வருடமாகக் கேட்கிறேன்.
அறுபத்து மூன்று ஐம்பது.
அறுபத்திரண்டு நான்கு; அன்று புகைமூட்டம், இருமிக்கொண்டே வந்தேன்.
அறுபத்தொன்று பன்னிரண்டு; அன்று எட்டாவது கிலோமீட்டரில்
வார் அவிழ்ந்தது.
குனிந்து கட்டிய பதினான்கு விநாடியை
இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு முன்னால் எப்போதும் பெங் ஹுவாட் அங்கிள்.
அறுபத்தெட்டு வயது. கொதிக்கிற கேத்தல் மாதிரி மூச்சு.
கடைத்தெருவில் எதிரே வந்தால் முகம் தெரியாது எனக்கு.
முதுகென்றால் சொல்வேன்,
பனியனில் எந்த இடம் முதலில் நனையும் என்பது வரை.

இன்று மூன்றாவது கிலோமீட்டரில்
அந்த முதுகு பக்கத்தில் வந்தது.
பிறகு இல்லை.
பின்னால் கேத்தல் கொதிக்கிற சத்தம் மட்டும்.
கால்கள் என்னுடையவை மாதிரி இல்லை.
இரவல் மோட்டார் சைக்கிள்,
உடையவன் கேட்பதற்குள் ஓட்டிவிட வேண்டும்.

திரும்பும் இடம்.
ஆரஞ்சுக் கூம்பு. பிளாஸ்டிக் நாற்காலியில்
கொடியை மடியில் போட்டுக்கொண்டு
பாதித் தூக்கத்தில் ஒரு பையன்.

இந்தச் சாலை எனக்குத் தெரியும்.
புதன்கிழமை இரவு ஷிப்ட் முடிந்தால் நேராக இங்கேதான்.
ஐந்து கிலோமீட்டர் என்பது
பூட்டிய பர்கர் கடை தாண்டி
நாய் படுத்திருக்கும் பஸ் நிறுத்தம்.
நாய் இன்னும் தூரத்தில் இருந்தது.
தலை தூக்கிப் பார்த்தது.

திரும்பினேன்.
எல்லாரும் திரும்பினார்கள், அது உண்மை.
எனக்குத் தெரியும் என்பதும் உண்மை.

ஐம்பத்தெட்டு நாற்பத்தொன்று.

மெடல். வாழைப்பழம். காகிதக் கிண்ணத்தில் மைலோ.
முன்பின் தெரியாத மலாய்ப் பெண் ஒருத்தி
கட்டிக்கொண்டு அழுதாள், அவளுக்கும் இன்றுதானாம்.
நானும் அழுதேன். சேர்ந்து படம் எடுத்தோம்.
அப்புறம் அங்கிள் வந்தார். முதல் முறையாக முகம்.
முன்பல் ஒன்று இல்லை.
கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி
"ஷார்ட்-லா" என்றார்.
ஒன்பது புள்ளி ஆறு ஒன்பது.

பாயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கியின் கீழே சில்லு பார்ப்பது.
மயிரிழை விலகினாலும் சிவப்புத் தட்டு.
பதினேழு வருடமாகக் கை கூசாமல் ஒதுக்குகிறேன்.

வீட்டில் அவர் கேட்டார், "எத்தனாவது?"
"முந்நூற்றுப் பன்னிரண்டு."
"பரவால்லையே," என்று
ரொட்டிச் சானாயைப் பருப்பில் தோய்த்தார்.

அடுப்படிச் சுவரில் குதிரை நாட்காட்டி.
பந்தயம் உள்ள ஞாயிறுகளில்
கட்டத்துக்குள் சின்னக் குதிரை ஒன்று ஓடும்.
இன்றைக்கும் ஓடியது. அதன் வாலருகே எழுதப் பேனா எடுத்தேன்.
மீதியையும் இதே வேகத்தில் ஓடியிருந்தால்
அறுபது முப்பத்து நான்கு.
கேஸ் ரசீதின் பின்புறம் மூன்று முறை போட்டாலும் அதேதான்.
அதுவும்கூட என் வாழ்வின் சிறந்த நேரம்,
ஆனால் அதற்கு யார் மெடல் தந்தார்கள்?

பேனாவை வைத்துவிட்டுப்
பென்சிலால் எழுதினேன்.

புதன்கிழமை.
கூம்பு நின்ற இடத்தில் ஒரு ஆரஞ்சுக் கீறல்.
அங்கிருந்து பஸ் நிறுத்தம் போய்த் தூணைத் தொட்டுத் திரும்பினேன்.
நேரம் பார்க்கவில்லை.

பார்த்தேன்.
ஒன்று நாற்பத்தொன்பது.
நாய் எழுந்திருக்கக்கூட இல்லை.